காரம் தெரியாத பொடி

சந்தை முழுக்கக் கேட்கும் குரல் கொண்ட என் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டால் பதில் வராத இடத்தில் இருக்கிறீர்கள். அதனால் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். நாங்களும் நலம். அம்மா இப்போது நஞ்சன்கூடு தொழிற்சாலை கேன்டீனில் மேற்பார்வை பார்க்கிறார். பழக்கதோஷத்தில் வீட்டுக்கு வந்த பிறகும் என்னை மேற்பார்வை பார்க்கிறார். உங்கள் கூட்ஸ் ஆட்டோவை வாங்கியவர் அதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டார். நஞ்சன்கூடு ரோட்டில் அது எங்களைத் தாண்டிப் போகும்போது அம்மா, "கிளட்சை எப்படி மிதிக்கிறான் பாரு, உங்கப்பா இருந்தா எறங்கி நாலு கேட்டிருப்பாரு" என்பார். அவருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று இன்றைக்கும் தெரியாது.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். பொதுவாக எல்லோருக்கும் சொல் என்றால் எனக்கு வார்த்தை வராது. உங்களைப் பார்த்துச் சொல்வதாக நினைத்துக்கொண்டால் வரும். ஓட்டலில் எனக்கு என்ன வேண்டும் என்பதைக்கூட நீங்கள்தானே சர்வரிடம் சொல்வீர்கள்? கல்லூரியில் சேரப் போன அன்று முதல்வர் என்னிடம் பெயர் கேட்டார். நீங்கள் பதில் சொன்னீர்கள். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார். அதற்கும் நீங்களே சொன்னீர்கள். கடைசியில் அவர், "சீட்டு உங்களுக்கா, உங்கள் மகளுக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அந்தப் படிப்பை முடித்து வேலைக்கும் வந்துவிட்டேன் அப்பா. மைசூரில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் கிருமி ஆய்வகத்தில் இருக்கிறேன். நோயாளிகளின் ரத்தம், சளி, சீழ், சதை எல்லாம் கீழ்த்தளத்தில் உள்ள எங்கள் அறைக்கு வரும். என்ன கிருமி என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. நான் பெரும்பாலும் பூஞ்சைகளைப் பார்க்கிறேன். நீங்கள் இருந்தபோதே இதைச் சொல்லியிருந்தேன். "ஊறுகாயில புடிக்குமே, அந்தப் பூசணமா? அதைத் தொடைச்சுப் போட்டுட்டுத் தின்னுட்டுப் போறோம், அதுக்கொரு படிப்பா?" என்று கேட்டீர்கள். மறுநாளே காய்கறிச் சந்தையில் லோடு இறக்கிக்கொண்டே, "எம்பட அம்மிணி பூசணத்துக்கு டாக்டரு" என்று ஊருக்கே அறிவித்தீர்கள். டாக்டர் இல்லை என்று நான் சொன்னதை யார் கேட்டார்கள்?

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். ஊறுகாயில் பிடிக்கிற மாதிரிப் பூசணங்கள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. மூச்சு இழுக்கும்போதெல்லாம் உள்ளே போகின்றன. நல்ல உடம்பு அவற்றைக் குப்பை கூட்டுவதுபோலக் கூட்டித் தள்ளிவிடும். உடம்பு தளர்ந்தவர்களுக்குத்தான் ஆபத்து. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனவர்கள், புற்றுநோய் மருந்தில் வெள்ளணுக்கள் குறைந்தவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள், நீண்ட நாள் ஐ.சி.யு.வில் குழாய்களோடு கிடப்பவர்கள். அவர்களிடம் பூஞ்சை தோலில் தங்காது. நுரையீரலுக்குள், ரத்தத்துக்குள், எலும்புக்குள் இறங்கிவிடும். காய்ச்சல்தான் இருக்கும், ஆன்டிபயாடிக் எவ்வளவு போட்டாலும் இறங்காது. எல்லோரும் பாக்டீரியாவைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பூஞ்சை என்று யாருக்காவது தோன்ற வேண்டும். தோன்றுவதுதான் பாதி வைத்தியம் என்பார் எங்கள் துறைத் தலைவி ஹெக்டே மேடம்.

அந்தத் தோன்றுதலில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு கிடைத்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு நாள் காலை, காது மூக்கு தொண்டை மருத்துவர் ஸ்மிதாவிடமிருந்து ஒரு பஞ்சுக்குச்சி வந்தது. நோயாளியின் பெயர் பழனிச்சாமி, ஊர் கௌதள்ளிப் பக்கம். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி, மயங்கிய நிலையில் கொண்டுவந்திருக்கிறார்கள். சர்க்கரை இறங்கிவிட்டது, ஆனால் இடது கன்னம் வீங்கிக்கொண்டே போகிறது. பல் வலி என்று கிராம்பு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பல் மருத்துவரும் பார்த்துவிட்டார். மூக்கில் கருப்பாகப் பொருக்கு. வழக்கமாக மூக்குப்பொடி போடுபவர் என்பதால் அது பொடிக்கறை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் ஸ்மிதா மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று பஞ்சில் தொட்டு அனுப்பியிருந்தார். பூஞ்சை உண்டா, பார்த்துச் சொல்லவும் என்று சீட்டில் எழுதியிருந்தது.

பார்த்தேன். மைக்ரோஸ்கோப் முழுக்கப் புகையிலைத் தோட்டம். கிழிந்த இலைத் துணுக்குகள், இலையின் மேல் இருக்கும் மெல்லிய ரோமங்கள், நார்கள். நாருக்கும் பூஞ்சை இழைக்கும் சில சமயம் வித்தியாசம் தெரியாது அப்பா. ஒரு நார் என்னை முறைப்பதுபோல இருந்தது, நானும் அதை முறைத்துக்கொண்டிருந்தேன். அது பூஞ்சையா, பொடியா? சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

"பூஞ்சை தென்படவில்லை" என்று எழுதி அனுப்பலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த வார்த்தைகள் மேலே வார்டுக்குப் போனதும் என்ன ஆகும்? நல்லவேளை, பொடிதான் என்று எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். பஞ்சு மேற்பரப்பை மட்டும் தொடும். உண்மையில் இது அந்தப் பூஞ்சையாக இருந்தால், கொரோனா காலத்தில் எல்லோரும் கருப்புப் பூஞ்சை என்று பெயர் சொல்லிப் பயந்தோமே அது, சதைக்குள்ளே ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூக்கிலிருந்து கண்ணுக்குப் போக அதற்கு அதிக நேரம் வேண்டாம். கண்ணிலிருந்து மூளைக்கும் பாதை உண்டு. ஒரு துண்டு சதை எடுத்து அனுப்பினால்தான் தெரியும்.

ஹெக்டே மேடம் அன்று பெங்களூருக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கப் போயிருந்தார். டாக்டரிடம் சதை கேட்டு போன் செய்ய வேண்டியது நான்தான். போன் என்றால் எனக்கு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மறுமுனையில் "ஹலோ" என்றதும் எனக்கு என் பெயரே மறந்துவிடும். அதனால் எழுந்து மாடிப்படி ஏறினேன்.

பழனிச்சாமி ஆண்கள் வார்டின் ஓரத்துப் படுக்கையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மட்டும் பலாச்சுளை அடக்கிக்கொண்டது போலக் கன்னம். அவர் மனைவி ருக்குமணியம்மா ஈரத் துணியால் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் துணியை உதறினார்.

"மறுக்காவும் ரத்தமா அம்மிணி? இவருக்கு இருக்கறதே ரெண்டு படி. அதுல ஒன்றரையை உறிஞ்சிப் போட்டீங்க."

"ரத்தம் இல்லீங்க. மூக்கைப் பாக்கலாம்னு..."

"மூக்கா? அந்தக் கூத்தைக் கேளுங்க. தொடைக்கத் தொடைக்கக் கருப்பா வருது. எத்தன சென்மத்துப் பொடியோ!"

"ஆஸ்பத்திரிக்கு வந்ததுலருந்து தொடவே இல்லீனு சொல்றேன்ல?" என்றார் பழனிச்சாமி. குரல் மூக்கடைத்து வந்தது.

"தொடாமயே கருப்பு வருதாமா! சாமுண்டி தாயி, இந்த மனுசன் நாக்கைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, மருந்துக் கடையில் கூப்பிடுவார்கள் என்று ருக்குமணியம்மா கீழே போனார்.

நான் அங்கேயே நின்றேன். டாக்டர் எப்போது வருவார் என்று நர்ஸிடம் கேட்கவும் கூச்சம். பழனிச்சாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ எந்தூரு சாமி? பேச்சு நம்ம பக்கமாட்ட இருக்குது."

"அப்பா ஊரு கௌதள்ளிதானுங்க."

"அடடே! அப்ப நீ நம்ம ஊட்டுப் புள்ள. நின்னுட்டே இருக்கற, உக்காரு." படுக்கையில் இடம் விட்டு நகர்ந்தார். அந்த நகர்வில் தலையணை சற்று விலக, அடியில் ஒரு சின்னத் தகர டப்பா தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் தலையணையை மெதுவாக இழுத்து மூடினார்.

மனைவியிடமிருந்து ஒளிக்கும் பொருளை ஆண்கள் எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? உங்கள் டிரைவர் சீட்டுக்கடியில் இருந்த பீடிக்கட்டு எனக்கு எத்தனை வருடப் பழக்கம்!

"மாமா, பொடி இப்பவும் போடறீங்களா?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது. உறவு சொல்லிக் கூப்பிட்டதும் வாய் தானாகத் திறந்துவிட்டது போல.

அவர் கதவைப் பார்த்தார். "அவகிட்டச் சொல்லிப்போட மாட்டியே?"

நான் பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்தால் எல்லோரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

"பக்கத்துப் பெட்டுக்காரரோட மருமகன் வாங்கியாந்து தர்றான், நல்ல பையன்" என்று தொடங்கினார். "ஆனாப் பாரு சாமி, இந்தக் காலத்துல எதுலதான் கலப்படம் இல்ல? பொடியில காரமே இல்ல. இந்த வலது பக்கம் போட்டா ஏதோ சுருக்குங்குது. இந்த எடது பக்கம் மண்ணை அள்ளிப் போட்டாப்பல கெடக்குது. ஒரு தும்மல் வரோணுமே? ம்ஹூம். கடையை மாத்திப் பாருடானு சொன்னேன். மாத்தியும் அதே கதைதான். மைசூர்க்காரனுகளுக்குப் பொடி அரைக்கத் தெரியல."

அப்போதுதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன் அப்பா.

"மாமா, ரெண்டு பக்கமும் ஒரே டப்பாப் பொடிதானுங்களே?"

"ஆமா."

"அப்ப ஒரு பக்கம் காரமும் ஒரு பக்கம் மண்ணும் எப்பிடிங்க?"

அவர் இடது மூக்கை விரலால் அழுத்திப் பார்த்தார். "அட, அதான?" என்றார்.

உயிருள்ள சதைக்குத்தான் காரம் தெரியும். ரத்தம் போகாமல் செத்துப்போன சதைக்கு எதுவும் தெரியாது. மூக்குக்குள் ஒரு பகுதி செத்துக்கொண்டிருந்தது, அதைக் கண்டுபிடித்தவர் அவரேதான். ஆனால் பழியைப் பொடிக் கடைக்காரர் மேல் போட்டுவிட்டார். பொடி போடுவதே ரகசியம் என்பதால் இதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. மூக்கில் உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டர் கேட்டிருந்தாலும் "இருக்குதுங்க" என்றுதான் சொல்லியிருப்பார். வலது பக்கம் இருந்ததே!

டாக்டர் ஸ்மிதா வேகமாக உள்ளே வந்தார். பின்னாலேயே மருந்துப் பையோடு ருக்குமணியம்மாவும் வந்தார். டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்திருக்கிறார், நிற்க நேரமில்லை. "லேப்பா? ஏனாயித்து? ஹேளி" என்றார் என்னைப் பார்த்து. என்ன ஆயிற்று, சொல்லுங்கள்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தமிழில் சொன்னால் ருக்குமணியம்மாவுக்குப் புரியும். கன்னடத்தில் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும், கர்நாடகத்து ஹனூர் தாலுக்காக்காரராயிற்றே. பழனிச்சாமியின் கண்கள் என்னைக் கெஞ்சின. மிச்சம் இருந்தது ஆங்கிலம். எனக்குக் கொஞ்சம்தான் வரும். "மேடம், பேஷண்ட் டேக்கிங் டொபாக்கோ" என்று மெல்லச் சொன்னேன்.

டாக்டர் புரிந்துகொள்வதற்கு முன்பே ருக்குமணியம்மா புரிந்துகொண்டார். "டொபாக்கோவா? ஆஸ்பத்திரிலயா? எங்க வெச்சிருக்கற?" பை கீழே விழுந்தது. தலையணை பறந்தது. டப்பா உருண்டு டாக்டரின் காலடியில் போய் நின்றது.

"பாத்தியா சாமி, நீ பண்ணுன வேலையை" என்றார் பழனிச்சாமி என்னிடம்.

டாக்டர் அலுப்போடு திரும்பப் போனார். பொடி போடுபவர் பொடி போட்டிருக்கிறார், அவ்வளவுதானே? இனி மூக்கில் கருப்பு வந்ததற்கு வேறு காரணமே வேண்டியதில்லை. நான் வாய் திறந்ததால் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. அவர் கதவுவரை போய்விட்டார். இந்த இடத்தில் என் சார்பில் யாராவது பேசினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

"மேடம்!" என்றேன். கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. நாலு படுக்கைக்காரர்கள் திரும்பினார்கள். பிறகு கன்னடத்திலேயே சொன்னேன். ஒரே பொடிதான். வலது பக்கம் எரிகிறது. இடது பக்கம் எரியவே இல்லை. தும்மலும் வருவதில்லை. பஞ்சில் எனக்கு வந்தது முழுக்கப் புகையிலை, அதை வைத்து இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தயவுசெய்து சதை எடுத்து அனுப்புங்கள்.

டாக்டர் நின்றார். திரும்பி வந்து, ஒரு பஞ்சைத் திரித்து பழனிச்சாமியின் இடது கன்னத்தில் தொட்டார். "தெரியுதா?" "இல்லீங்க." வலது கன்னத்தில் தொட்டார். "தெரியுதுங்க." வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். மேல் அண்ணத்தில் ஒரு இடம் சாம்பல் நிறத்தில் வெளுத்திருந்தது. அதற்குப் பிறகு டாக்டர் அலுத்துக்கொள்ளவில்லை. தியேட்டருக்கு போன் செய்து, தன் அடுத்த ஆபரேஷனைத் தள்ளிவைக்கச் சொன்னார்.

ருக்குமணியம்மாவின் கோபம் அப்படியே வடிந்துவிட்டது. படுக்கையோரம் கிடந்த ஈரத் துணியைப் பார்த்தார். "பொடினு நெனச்சு நான்தான தெனமும் தொடைச்சேன்?" என்றார். பழனிச்சாமி, "நானுந்தான் பொடினு நெனச்சேன், உடு" என்றார். அந்த இருவரும் அன்று அதற்கு மேல் சண்டை போடவில்லை.

மதியத்துக்குள் உப்பு நீரில் இரண்டு சின்னத் துண்டுகள் எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தன. வாங்கியவர் என் சீனியர் நாகேந்திரா. வந்த சதையை எல்லாம் சின்னப் பீங்கான் உரலில் போட்டு அரைத்துத்தான் கிருமி வளர்க்கும் தட்டில் பூசுவோம். அது எங்கள் நித்திய வழக்கம். பாட்டுப் பாடிக்கொண்டே அவர் குழவியை எடுத்தார்.

"அரைக்க வேண்டாம்!" என்று கத்தினேன்.

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாகேந்திரா குழவியைக் கையில் பிடித்தபடி சிலையாக நின்றார். இந்தப் பூஞ்சையின் இழைகளில் நடுவே தடுப்புச் சுவர் கிடையாது அப்பா. நீளமான குழாய் மாதிரி இருக்கும். அரைத்தால் ஒரே இடத்தில் உடைந்தாலும் உள்ளிருப்பதெல்லாம் கொட்டி மொத்தமும் செத்துவிடும், அப்புறம் தட்டில் முளைக்காது. பிளேடால் பொடிப் பொடியாகக் கொத்திப் போட வேண்டும். "ஹௌதல்லா, ஆமாம், இது கொத்தறதுதானே!" என்று அவர் குழவியைக் கீழே வைத்தார். பிறகு, "உனக்கு வாய் இருக்குன்னு ஆபீசுக்குத் தகவல் கொடுக்கணும்" என்றார். அவரே கொத்தியும் கொடுத்தார்.

ஒரு துணுக்கைக் கண்ணாடித் துண்டில் வைத்து, ரசாயனக் காரக் கரைசல் விட்டு, சதை கரையும்வரை காத்திருந்து பார்த்தேன். இந்த முறை நார்கள் இல்லை. அகலமான இழைகள், சுருக்கம் விழுந்த பட்டு ரிப்பன் போல மடிந்து மடிந்து கிடந்தன. கிளை பிரிகிற இடத்தில் செங்குத்தாகப் பிரிந்தன. புத்தகத்தில் இருந்த படம் என் எதிரே உயிரோடு கிடந்தது. படமெடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். வகுப்பின் நடுவிலிருந்து அவர் கூப்பிட்டார். "ஆமாம், அதேதான். டாக்டருக்கு இப்பவே சொல்லு."

"மேடம், நீங்க ஒரு வார்த்தை..."

"பார்த்தது நீ. நீயே சொல்லு" என்று வைத்துவிட்டார்.

சொல்ல வேண்டியதை முதலில் இன்குபேட்டரிடம் சொல்லிப் பார்த்தேன். அது எதிர்க்கேள்வி கேட்கவில்லை. பிறகு போனை எடுத்தேன். டாக்டர் ஸ்மிதா எதிர்க்கேள்வி கேட்டார். நிச்சயமா, எவ்வளவு இருக்கிறது, சதைக்குள்ளே இறங்கியிருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வைக்கும்போது அவர் "தேங்க்ஸ், சுமதி" என்றார். என் பெயரை நான் சொல்ல மறந்திருந்தேன். அவருக்கு எப்படித் தெரிந்தது?

அன்று மாலையே ஆம்போடெரிசின் மருந்து ஏறத் தொடங்கியது. பூஞ்சைக்குப் பெரிய எதிரி அது. சிறுநீரகத்தையும் சும்மா விடாது, அதனால் தினமும் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். மருந்து மட்டும் போதாது. செத்த சதைக்குள் ரத்தம் போகாது, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? அதனால் வெட்டி எடுத்துத்தான் ஆக வேண்டும். இடது பக்கத்து மேல் தாடையில் கொஞ்சம், அண்ணத்தில் கொஞ்சம், சில பற்கள் போயின. கண் நிற்குமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ருக்குமணியம்மா தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருப்பதை, வேலை முடிந்து போகும்போது பார்த்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரும் பேசவில்லை. பேசாமல் உட்காருவது எனக்கு நன்றாக வரும் வேலை அல்லவா? அதைச் செய்தேன்.

எங்கள் தட்டில் நாகேந்திரா கொத்திப் போட்டது முளைத்தது. சாம்பல் நிறப் பஞ்சு மாதிரிப் பொங்கி, தட்டை நிரப்பி மூடியை முட்டியது. நோயாளியின் உடம்பில் இருந்தால் பயங்கரம், எங்கள் தட்டில் பார்க்க அத்தனை அழகு. பூஞ்சையின் இனம் தெரிந்ததால், பின்னால் என்ன மாத்திரை கொடுப்பது என்றும் டாக்டர்களுக்குத் தெளிவானது. இரண்டாவது முறை சுரண்டி அனுப்பிய சதையில் நான் இழைகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். மேடமும் பார்த்தார். ஒன்றும் இல்லை. இந்த முறை "தென்படவில்லை" என்று எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மருந்து ஏறும்போது பழனிச்சாமிக்குக் குளிர் தூக்கித் தூக்கிப் போடும். போர்வைக்குள்ளிருந்து, "பூசணம் சாகுதோ இல்லியோ, நான் செத்துருவேன்" என்பார். "அதுக்கு முன்னாடி அந்த மருமகன் பேரைச் சொல்லு" என்பார் ருக்குமணியம்மா. கடைசிவரை சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அவர் என்னைவிட நம்பகமானவர்.

வீட்டுக்குப் போன பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை. போன வாரம் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வெளிநோயாளிகள் பகுதியில் ருக்குமணியம்மாவை மட்டும் தனியாகப் பார்த்தேன். வேகமாக அவர் பக்கத்தில் போனேன். "மாமா?" என்று கேட்டேன். அவர் வாசலைக் கையால் காட்டினார். அங்கே பழனிச்சாமி, வண்டி நிறுத்தும் இடத்துச் செக்யூரிட்டியிடம் கன்னடத்தில் நியாயம் பேசிக்கொண்டிருந்தார். அண்ணத்து ஓட்டையை மூடப் பிளேட் பொருத்திவிட்டதால் பேச்சு தெளிவாக இருந்தது. தெளிவு கொஞ்சம் கூடுதல் என்றுகூடச் சொல்லலாம். இரண்டு கண்களாலும் முறைத்தார் அப்பா. இரண்டு கண்களாலும்!

என்னைப் பார்த்ததும் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தா நிக்குதே, இந்த அம்மிணிகிட்ட மட்டும் யாரும் ரகசியம் சொல்லிப்போடாதீங்க! மூணு பாசையில போட்டுக் குடுத்துரும்!" என்றார். முன்பானால் தூணுக்குப் பின்னால் போயிருப்பேன். அன்று, "ரெண்டு பாசைதானுங்க மாமா, இங்கிலீசு பாதிதான்" என்றேன். வரிசை சிரித்தது. நான் சொன்னதற்கு ஒரு கூட்டம் சிரித்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே டாக்டர் ஸ்மிதா, விளக்கு வைத்த மெல்லிய குழாயால் மூக்கைப் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது, நல்ல சிவப்புச் சதை வந்திருக்கிறது என்றார். குழாயை வெளியே எடுக்கும்போது எங்கேயோ உரசியிருக்க வேண்டும். பழனிச்சாமியின் முகம் கோணியது, கண் நிறைந்தது, அறையே அதிர ஒரு தும்மல் போட்டார். மேசை மேல் இருந்த காகிதம் பறந்தது. டாக்டர்தான் முதலில் சிரித்தார்.

ருக்குமணியம்மா சிரிக்கவில்லை. நேராகக் கணவரின் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம்தான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது டாக்டர் ஸ்மிதா, பொடி போடும் சர்க்கரை நோயாளி யார் வந்தாலும் இரண்டு பக்கமும் காரம் தெரிகிறதா என்று கேட்கிறார். அதையும் மனைவியை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறார். வரும் திங்கட்கிழமை வார்டு நர்ஸ்கள் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, பூஞ்சை உள்ளே இறங்கியிருப்பதை எப்படிச் சந்தேகப்படுவது, சதையை எப்படி அனுப்புவது என்று ஒரு வகுப்பு. பேசப்போவது யார் என்று நினைக்கிறீர்கள்? மேடம் என் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். நான் போனில் அனுப்பிய அதன் படத்தை அம்மா கேன்டீன் முழுக்கக் காட்டியிருக்கிறார். உங்கள் இடத்தைக் காலியாக வைக்க அவருக்கு மனசில்லை போல.

குரல் நடுங்கும். நடுங்கட்டும். ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லி வைக்கிறேன். கண்ணாடித் துண்டில் ஒரு மனிதருடைய உயிர் எனக்குத் தெரிந்தால், அதைக் கேட்க வேண்டியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், எவ்வளவு அவசரத்தில் போய்க்கொண்டிருந்தாலும், அவர் நிற்கும்வரை சொல்வேன். நின்ற பிறகு, முழுவதும் சொல்வேன்.

வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படி பேசப் பழகிக்கொண்டிருக்கும்,
உங்கள் அம்மிணி,
சுமதி
மைசூர்